தீவில் பியூலா, சிந்துபூந்துறையில் அப்பா

ஜப்பானின் தெற்கே உள்ள தனெகாஷிமாத் தீவுக்கு விமானம் உண்டு, வேகப் படகும் உண்டு. பியூலா இரண்டிலும் ஏறியதில்லை. அவள் போவது சரக்குக் கப்பலில். ககோஷிமாத் துறைமுகத்தில் லாரிகளும் உர மூட்டைகளும் ஏறி முடிந்த பிறகு, மேல்தளத்தில் கம்பளம் விரித்த ஒரு பெரிய அறைக்குள் பயணிகளை விடுவார்கள். நாற்காலி கிடையாது. சுவரோரமாக இடம் பிடித்து, முதுகுப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவளுடைய சர்ஃபிங் பலகையைக் கப்பல்காரர்கள் கீழே லாரிகளுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். மூன்று பேர் கைமாறி வந்த பலகை அது. முனை உடைந்து ஒட்டுப் போட்டிருந்தது.

தீவில் அவள் தங்குவது நொரிகோ என்ற பெண்மணி நடத்தும் விடுதியில். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, வாடகைக்கு இரண்டு துருப்பிடித்த சைக்கிள்கள். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடியும். சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் போனால், அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய சாப்பாட்டுப் பொட்டலங்களில் பாதி விலை என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். இப்படித்தான் அவள் அந்தத் தீவின் வடக்கு முனையிலிருந்து ராக்கெட் ஏவுகிற தெற்கு முனை வரைக்கும் சைக்கிளில் சுற்றியிருந்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்குக் காடு, கரும்புக் காடு, வளைவு திரும்பினால் கடல். எந்தத் துறையில் எந்தக் காற்றுக்கு அலை ஒழுங்காக வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டிருந்தது.

பியூலா சிந்துபூந்துறையில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பின்னால், தாமிரபரணியை ஒட்டின தெருவில் வீடு. நர்சிங் முடித்து ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை பார்த்தாள். பிறகு ஜப்பானிய மொழி படித்து, பரீட்சை எழுதி, ககோஷிமாவில் ஒரு முதியோர் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அம்மா இறந்து ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டில் அப்பா தேவசிகாமணியும் தம்பி ஹெப்ரானும்தான். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து அவருடைய வலது கால் இழுத்துத்தான் நடக்கும். ஹெப்ரான் டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறான்.

காப்பகத்தில் பியூலாவுக்கு நாள் முழுக்கத் தூக்கும் வேலை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியல் தொட்டிக்கு. போன முதல் வருடம் உடன் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அவளைக் காரில் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே தலை நரைத்த பெண்கள் பலகையில் நின்று அலையோடு வருவதைப் பியூலா பார்த்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும். அம்மாவின் ஊரான முக்கூடலில் சித்தி பிள்ளைகளோடு ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடந்து பழகினவள். அன்றைக்கு இரவல் பலகையில் குப்புறப் படுத்தாள். பின்னாலிருந்து ஓர் அலை வந்து அவளைத் தூக்கியது. இத்தனை நாளும் மற்றவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த உடம்பு அந்த ஒரு நிமிடம் எடையில்லாமல் கிடந்தது. அதோடு பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு இது தெரியாது. சொன்னால் அப்பா சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார் என்று சொல்லவில்லை. விடுப்பு எடுத்துத் தீவுக்குப் போகும்போதெல்லாம், "டூட்டி ஜாஸ்திப்பா, போன் எடுக்க முடியாது" என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரிலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெப்ரானிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, மழை கொட்டுது. கிறிஸ்மஸ் வியாபாரம்னு கடை தெறந்திருந்தாங்க. இப்போ ரோட்டுல எறங்க முடியல. கடை மாடியிலயே படுத்துக்கிடுதேன். அப்பாட்ட சொல்லிட்டேன்." பியூலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகுவதும், படித்துறை முங்குவதும், தெருமுனையில் நின்று எல்லோரும் வேடிக்கை பார்ப்பதும் அவளுக்குப் புதிது இல்லை. பத்திரமாக இரு என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தாள்.

திங்கள் காலையில் தீவின் மேற்குப் பக்கம் காற்று ஊளையிட்டது. மேற்கே காற்று அடித்தால் கிழக்குக் கரையில் அலை சுத்தமாக வரும். நொரிகோ துறைமுக ஊருக்குச் சாமான் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்றைக்குப் பெரிய அலை வருகிறது. கடலில் வேறு யாராவது இருந்தால் மட்டும் இறங்கு. தனியாக வேண்டாம்" என்றாள்.

பியூலா தலையாட்டினாள். பலகையைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு கிழக்குத் துறைக்குப் போனபோது அங்கே இரண்டு பேர் தண்ணீருக்குள் இருந்தார்கள். ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டு, பையைச் சைக்கிளில் தொங்கவிட்டு இறங்கினாள். முதல் இரண்டு அலைகள் நன்றாகவே கிடைத்தன. அந்த இரண்டு பேரும் கையசைத்துவிட்டுக் கரையேறினார்கள். அப்போதே அவளும் ஏறியிருக்க வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்று என்று நின்றாள்.

தூரத்தில் கடல் கறுத்து உயர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, அதுவரை வந்தவற்றைவிடப் பெரிய அலைகள் கூட்டமாக வந்தன. முதல் அலையை எப்படியோ ஏறிக் கடந்தாள். இரண்டாவது அவள் தலைக்கு மேலேயே உடைந்தது. தண்ணீருக்கு அடியில் உருட்டி எடுத்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. காலையும் பலகையையும் பிணைக்கிற ரப்பர் கயிறு ஒரு சுண்டு சுண்டி அறுந்ததை மட்டும் உணர்ந்தாள். மேலே வந்து ஒரு மூச்சு எடுப்பதற்குள் அடுத்தது அமுக்கியது.

மூன்றாவது முறை தலை வெளியே வந்தபோது பலகை கரைப் பக்கம் வெகு தூரத்தில் ஒரு வெள்ளைத் துண்டாகத் தெரிந்தது. கரையை நோக்கி நீந்தினாள். முக்கூடலில் எல்லோரையும் முந்துகிற நீச்சல் அது. கை போட்டுக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் கரை முன்னைவிடத் தள்ளிப் போயிருந்தது. பக்கத்தில் கரும்பாறைகளை ஒட்டி, அலை கொண்டுவந்து கொட்டின தண்ணீரெல்லாம் ஓர் ஓடையாகத் திரும்பிக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த ஓடைக்குள் மாட்டியிருந்தாள்.

எதிர்த்து நீந்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நொரிகோ மணலில் கோடு போட்டே காட்டியிருக்கிறாள். ஆனால் கரை கண்ணுக்குத் தெரியும்போது உடம்பு கேட்கவில்லை. கை மரத்து, வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய், இனி ஒரு கைகூடப் போட முடியாது என்று ஆன பிறகுதான் விட்டாள். மல்லாந்தாள். கடல் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. வானத்தைப் பார்த்துக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மூச்சு திரும்பியதும், கரையைப் பார்க்காமல், பாறைக்கு எதிர்த்திசையில் பக்கவாட்டாகக் காலை உதைத்தாள். ஓரிடத்தில் இழுப்பு தளர்ந்தது. பிறகு அலைகளே அவளைப் புரட்டிப் புரட்டிக் கடற்கரையின் மறுகோடியில் மணலில் கொண்டுபோய்ப் போட்டன.

முழங்கால் ஊன்றி வாந்தி எடுத்தாள். எழுந்து சைக்கிளிடம் போக நெடுநேரம் ஆயிற்று. பையைத் திறந்து போனை எடுத்தாள். அப்பாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரு குரல் பதிவு.

"ஏட்டி பியூலா, அப்பா பேசுதேன். ராத்திரியெல்லாம் மழை. தண்ணி நம்ம வாசப்படியத் தாண்டி உள்ள வந்துட்டு. கரண்டு இல்ல. ஹெப்ரான் டவுண்ல கெடக்கான், அவன் போனு போவ மாட்டேங்கு. நீ டூட்டில இருப்ப. ஒண்ணும் பதறாத என்ன. நான் கட்டில் மேல ஏறி உக்காந்துட்டேன். பாத்திரமெல்லாம் மெதக்குது."

அதன் பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம், எதுவோ எதன்மேலோ மோதும் சத்தம். பதிவு அங்கே முடிந்திருந்தது.

அவள் திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஹெப்ரானைக் கூப்பிட்டாள். அதுவும் போகவில்லை. ஈர உடுப்போடு சைக்கிளை மிதித்து விடுதிக்கு வந்தபோது நொரிகோ வண்டியிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பியூலாவின் கோலத்தையும் காலில் தொங்கிய அறுந்த கயிற்றையும் பார்த்தவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

"தனியாகத்தானே இருந்தாய்? என்ன சொன்னேன் நான்?" அவள் கோபப்பட்டுப் பியூலா பார்த்ததில்லை. "உன்னைத் தேடி நான் எந்தப் பாறையில் போய்ப் பார்ப்பது?"

"என் அப்பா," என்றாள் பியூலா. ஜப்பானிய மொழியில் அடுத்த வார்த்தை வரவில்லை. போனை நீட்டிப் பதிவைப் போட்டுக் காட்டினாள். நொரிகோவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் புரிந்தது. பியூலாவின் உடுப்பைக் கழற்றி, கம்பளி போர்த்தி, கையில் சூடான சூப்புக் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

கிண்ணம் ஆறிக்கொண்டிருக்க, பியூலா ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டாள். சர்ச் போதகரான சபை ஐயர், எதிர்வீடு, தெருமுனைப் பலசரக்குக் கடை. எதுவும் போகவில்லை. வெள்ள உதவி எண் எப்போதும் பிசியாகவே இருந்தது. யாரோ போட்ட வீடியோவில் ஜங்ஷன் பேருந்து நிலையம் குளமாகக் கிடந்தது. மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே நிரம்புகிற தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான்.

அப்போது அகமது மீரானின் நினைவு வந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், பேட்டைக்காரர். வீட்டின் இருப்பிடத்தையும், வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்றையும் அவருக்கு அனுப்பி, "அப்பாவுக்குக் கால் வராது, தனியா இருக்காங்க" என்று எழுதினாள். செய்தி போய்ச் சேர்ந்த அடையாளமே நெடுநேரம் வரவில்லை. வந்ததும் அவர் குரலில் பதில் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அக்கா, எங்க பள்ளிவாசல் பயலுவளோட லாரி ட்யூப் கட்டிக் கெளம்பிட்டோம். பாலத்துக்கிட்ட நிக்கேன். அட்ரஸ் வந்துட்டு. இன்ஷா அல்லாஹ், போய்ப் பாக்கேன்."

கொஞ்ச நேரத்தில் ஹெப்ரானும் முதலாளியின் போனிலிருந்து கூப்பிட்டான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, பாலம் வரைக்கும் போனேன். அங்கன போலீஸ் மறிச்சுட்டாங்க. நெஞ்சு மட்டம் தண்ணி ஓடுது. எனக்கு நீச்சல் தெரியாதுல்லா."

"ஏலே, அழாத. பாலத்துக்கிட்ட மீரான்னு ஒருத்தர் ட்யூப் வச்சிருக்காரு. என் பேரச் சொல்லு. அவர்கூடப் போ. வீட்டக் காட்டு. நீ தண்ணியில எறங்காத, ட்யூப விட்டுக் கையெடுக்காத."

"நீ வருதியா அக்கா?"

"வாரேன்," என்றாள்.

எப்படி வருவாள்? தீவிலிருந்து ககோஷிமா, அங்கிருந்து வேறோர் ஊர், அதன் பிறகு வேறொரு தேசம், பிறகு தூத்துக்குடியோ மதுரையோ. எல்லாம் சேர்ந்தாலும் அவள் போய்ச் சேரும்போது ஆறு தன் வேலையை முடித்திருக்கும். ஆனாலும் சும்மா உட்கார முடியவில்லை. நொரிகோ தன் சின்ன லாரியை எடுத்தாள். இரண்டு பேரும் தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைத் துறைமுகத்துக்குப் போனார்கள். வழி நெடுகக் கரும்புத் தோகைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மேற்குக் கடல் முழுக்க வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

துறைமுகத்தில் எல்லாக் கப்பல்களும் நிறுத்தம் என்று அறிவிப்பு. சின்ன விமானமும் இறங்காமல் திரும்பிப் போய்விட்டதாம். கவுண்டரில் இருந்தவர் எழுந்து, இடுப்பை வளைத்து, "மிகவும் வருந்துகிறேன்" என்றார். பியூலாவுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனிதர் ஒரு முறையாவது நிமிர்ந்து கத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அங்கேயே நிற்கும்போது போன் அடித்தது. ஹெப்ரான்.

"அக்கா, வீட்டுக்கு வந்துட்டோம்."

"அப்பாட்ட குடு."

மறுமுனையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா இல்ல அக்கா. கதவு தெறந்து கெடக்கு. ஜன்னல் மேல்சட்டம் வரைக்கும் தண்ணி. மீரான் அண்ணன் உள்ள முங்கிப் பாத்தாரு. கட்டில் கவுந்து கெடக்கு. அப்பா இல்ல."

"மாடியில?"

"யார் வீட்டு மாடியிலயும் இல்ல. கூப்பிட்டுப் பாத்துட்டோம். யாரும்…"

லைன் அறுந்தது. மறுபடியும் போகவில்லை.

அவள் கவுண்டருக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா கூப்பிட்ட நேரத்தை அங்கே வைத்துத்தான் கணக்குப் பார்த்தாள். போனில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. அவர் முதல் முறை கூப்பிட்டபோது அவள் நல்ல அலை ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாகக் கூப்பிட்டபோது மல்லாந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒரே காலையில் அப்பா ஆற்றிலும் மகள் கடலிலும். இரண்டு செய்தியையும் ஹெப்ரான் ஒருத்தன் வாங்கியிருக்க வேண்டியது. நொரிகோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முழுவதும் வேறு செய்தி இல்லை. கண்ணை மூடினால் கட்டில் கவிழ்ந்து கிடந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

மறுநாள் மத்தியானம், தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இப்படித் தெரியாத எண்களுக்கு அவளே எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். என்ன சொல்வதற்காகக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். நொரிகோதான் பச்சையை அழுத்தி அவள் காதில் வைத்தாள்.

"ஏட்டி, டூட்டி முடிஞ்சுட்டா?"

அப்பா.

"முடிஞ்சுட்டுப்பா," என்றாள். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது.

அவர் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். போன் தண்ணீரில் போய்விட்டது. அவள் எண் ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம். சாப்பாடு போட வந்த ஒருவரிடம் போனை வாங்கிக் கூப்பிடுகிறார். "நம்ம தெருக்கோடி சொரிமுத்துதான் தூக்கிட்டு வந்தான். நல்லாருக்கேன். சாம்பார் சாதம் குடுத்தாங்க. ஹெப்ரானுக்குச் சொல்லிரு. அழாத, என்னத்துக்கு அழுத?"

ஜனவரியில் பியூலா ஊருக்கு வந்தாள். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைப் பிடித்து, மூன்று விமான நிலையங்களில் தரையில் படுத்து எழுந்து வந்தாள். வீட்டில் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் சேற்றுக் கோடு இருந்தது. பீரோக் கதவு திறக்கவில்லை. அம்மாவின் கல்யாணப் படம் கரைந்து வெறும் பழுப்புத் தாளாக ஆகியிருந்தது. அக்காளும் தம்பியும் நாள் கணக்காகச் சேற்றை வாரி வாரித் தெருவில் கொட்டினார்கள். மீரான் ஒரு நாள் வந்து மோட்டாரைக் கழற்றிக் காயவைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சொரிமுத்துவும் வந்தார். தெருவின் தாழ்ந்த கோடியில் குடியிருக்கிற, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கதை சொல்ல வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லும் கதைதான்.

"கட்டில் மெதக்க ஆரம்பிச்சுட்டு. அப்பதான் இவன் கதவ ஒடச்சிட்டு வந்தான். தோள்ல ஏறும் சார்ங்கான். ஏறிட்டேன். கோயில் முக்கு திரும்பயில இவனுக்குக் கால் வழுக்கிட்டு. ரெண்டு பேரும் போயிட்டோம்."

"கல்லு ஒண்ணு மண்டையில அடிச்சுட்டு," என்றார் சொரிமுத்து. "சார எங்கன விட்டேன்னே தெரியல."

"நான் எதுத்துப் பாத்தேன். வந்த வழியே போயிரலாம்னு. இந்தக் கால வச்சிக்கிட்டு! வாயெல்லாம் சகதி. இனிமே முடியாதுன்னு…" அப்பா நிறுத்தினார். அந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார்.

சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலா நிமிராமலே சொன்னாள். "விட்டுட்டீங்க. மல்லாந்துட்டீங்க. கொஞ்சம் மூச்சு வந்த பொறவு பக்கவாட்டுல ஒதச்சீங்க."

"ஆமா," என்றார் அப்பா. "மில்லுக்கார வீட்டுக் கம்பிக் கேட்டு கையில தட்டுப்பட்டுச்சு. அதப் புடிச்சுத் தொங்கிட்டேன். இவன் கீழ போய்க் கரையேறித் திரும்ப வந்து எடுத்தான்."

சொரிமுத்து காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு அப்பா கேட்டார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"மல்லாந்தேன், பக்கவாட்டுல ஒதச்சேன்னு. நான் யார்ட்டயும் சொல்லலியே."

கையிலிருந்த துணியைப் பியூலா வாளிக்குள் போட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. "அன்னைக்கு நான் டூட்டில இல்லப்பா. கடல்ல இருந்தேன்" என்று ஆரம்பித்து, தீவு, பலகை, அறுந்த கயிறு, பாறை என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஹெப்ரான் கூட்டிக்கொண்டிருந்த வாரியலைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தான்.

அப்பாவின் கை நாற்காலியின் கட்டையை ஓங்கி அடித்தது.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிருந்தா? இவன் யாரத் தேடுவான்? ஆத்துலயா, கடல்லயா?"

அவள் துறைமுகத்தில் உட்கார்ந்து நினைத்த அதே வார்த்தை. ஹெப்ரான் வாரியலைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துவிட்டான். சாயங்காலம் வரை வரவில்லை. திரும்பி வந்தவன் அக்காளிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் கிளம்பும் நாள் நெருங்கியபோது வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பாளையங்கோட்டையில் மேட்டுப் பகுதியில் ஒரு மாடி வீடு வாடகைக்கு இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்று பியூலா சொன்னாள். ஹெப்ரானுக்கும் சம்மதம்தான். ஒவ்வொரு மழைக்கும் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டாள்.

அப்பா பைய நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ கடல விடுதியா?"

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு. நீ கடல விட்டா நான் இந்த ஆத்த விடுதேன். நாளைக்கே சாமானத் தூக்குவோம்."

வெளியில் ஆறு தன் பழைய இடத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவை மேட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஜப்பான் திரும்பியதும் அந்த வார்த்தையை மீறிவிட்டு, பழையபடி டூட்டி என்று சொல்லியும் கொள்ளலாம். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. வாய் வரவில்லை.

"விட மாட்டேன்ப்பா," என்றாள்.

"அப்ப நானும் விட மாட்டேன்."

ஹெப்ரான் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு பேரும் என்னத்தையாவது செய்யுங்க. எனக்குத்தான் சாவு."

கடைசியில் அவன்தான் ஒரு வழி செய்தான். மொட்டை மாடிக்கு ஏற, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்படி இரும்புக் கம்பி வைத்து, அப்பாவின் காலுக்கு ஏற்ற உயரம் குறைந்த படிகள் போட்டான். மேலே தகரம் வேய்ந்து ஒரு கட்டில் போட்டான். அந்த வருடமே நீச்சலும் பழகினான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மீரானோடு படித்துறைக்குப் போய், முதலில் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தான். பியூலா பலகைக்குத் தடித்த கயிறு ஒன்று வாங்கிக்கொண்டாள். இறங்குவதற்கு முன்பும் ஏறிய பிறகும் வீட்டுக்குச் செய்தி போட வேண்டும், தனியாக இறங்கக் கூடாது என்று ஹெப்ரான் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற விட்டான்.

தனெகாஷிமாவுக்குத் திரும்பிப் போய் முதல் முறை தண்ணீரைப் பார்த்தபோது அவளுக்கு முழங்கால் வரைக்கும்தான் போக முடிந்தது. கரும்பாறைகளைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். அடுத்த முறை இடுப்பு வரைக்கும். சிறிய அலை ஒன்றில் மறுபடியும் பலகையில் எழுந்து நிற்க அவளுக்கு வெயில் காலம் வரை ஆயிற்று. நொரிகோ ஒவ்வொரு தடவையும் கூடவே நின்றாள்.

போன ஐப்பசியில் திருநெல்வேலியில் மறுபடியும் அடைமழை. பியூலா தீவில்தான் இருந்தாள். ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு நொரிகோவுக்காகக் கரையில் காத்து நின்றபோது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். மாடித் தகரத்துக்குக் கீழே, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தண்ணி தெருமுனைக்கு வந்துட்டு. இவன் என்னைய மேல ஏத்தி விட்டுட்டான். அங்கன எப்படி இருக்கு? காட்டு."

அவள் போனைக் கடல் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன ஒசரம் வரும்?"

"ஆளுயரம் இருக்கும்ப்பா."

"அப்ப எறங்காத."

"நீங்களும் மாடிய விட்டு எறங்காதீங்க."

அவர் இறங்கவில்லை. அவள் மத்தியானத்துக்கு மேல், அலை தணிந்த பிறகு, நொரிகோவோடு இறங்கினாள். இறங்கும் முன் அவருக்குச் செய்தி போட்டிருந்தாள். கரையேறிப் பார்த்தபோது பதில் எதுவும் வந்திருக்கவில்லை. உடுப்பைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹெப்ரான்தான் எடுத்தான். அப்பா மாடிக் கட்டிலில் தூங்கிப்போயிருந்தார்.